விதைநெல் சோறு

பகலில் விதைத்த நெல்லை அன்று ராத்திரியே போய் வாரிக்கொண்டு வருகிற விவசாயியை என்ன சொல்வீர்கள்? பி.காம். படித்த நான், 'கைமுதலைக் கரைச்சுட்டான்' என்பேன். சேக்கிழார் அவரை நாயனார் என்கிறார்.

இளையான்குடி மாறநாயனார் கதையைத்தான் சொல்கிறேன். சம்பளம் நின்றுபோயிருந்த நாட்களில் இதை ஒரு சொற்பொழிவில் கேட்டேன். பேச்சாளர் ஐந்தே நிமிடத்தில் வயலைத் தாண்டிக் குபேரனிடம் வந்துவிட்டார். கொடுத்தவனுக்கு ஆண்டவன் பத்து மடங்காகத் திருப்பித் தருவானாம். ஒரே கைதட்டல். எனக்கோ சீட்டுக் கம்பெனி ஏஜென்ட் பேசுகிற மாதிரி இருந்தது. எரிச்சலோடு வீட்டுக்கு வந்து பெரியபுராணத்தைப் புரட்டினேன்.

12-ம் நூற்றாண்டுப் புத்தகம். 4,200-க்கும் மேற்பட்ட பாடல்களில் மாறனாருக்குக் கிடைத்தவை முப்பதுக்கும் குறைவு. சுந்தரர் பேரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த இடத்தில், சேக்கிழார் ஒரு மழை இரவையே கட்டி எழுப்புகிறார். அடியார்களுக்குச் சோறு போட்டே செல்வமெல்லாம் போயாச்சு. இருந்ததை விற்றாகிவிட்டது. தன்னையே விற்றால்தான் அடையும் என்கிற அளவுக்குக் கடன். புருஷனும் பெண்டாட்டியும் பட்டினி. அப்போது நனைந்தபடி ஒரு சிவனடியார் வாசலில் நிற்கிறார். முதலில் அவர் உடம்பின் ஈரத்தைத் துடைத்து உட்கார வைக்கிறார்கள். சோற்றுக்கு?

யோசனை சொல்வது மனைவிதான். அக்கம்பக்கத்தில் இனி யாரும் கடன் தரமாட்டார்கள், பகலில் விதைத்ததை வாரிக்கொண்டு வாருங்கள் என்கிறார். (இத்தனை கெட்டிக்காரிக்கு ஒரு பேர் வைக்கச் சேக்கிழாருக்கு மனசு வரவில்லையே என்பது என் மனத்தாங்கல்.) பறவைகளும் தூங்கிவிட்ட வயலுக்கு மனுஷன் ஒரு பெரிய கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார். கும்மிருட்டு. காலால் தடவித் தடவி நடந்து, தண்ணீரோடு ஒதுங்கிய முளைநெல்லைக் கையால் கூட்டி அள்ளுகிறார். மனைவி வாசலிலேயே நின்று வாங்கிச் சேற்றை அலசுகிறார். அடுப்புக்கு விறகில்லை. கூரைக் கழியை அறுத்துப் போடுகிறார். ஈரநெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கியாச்சு. கறிக்கு? இன்னும் முற்றாத கீரையைக் கொல்லையில் துழாவிப் பறித்து வருகிறார்.

கவனித்தீர்களா? அந்த ராத்திரி முழுக்க 'ஆண்டவா, காப்பாத்து' என்று ஒரு வேண்டுதல்கூட இல்லை. அலசுவது, அறுப்பது, வறுப்பது, குத்துவது, இதுதான். வந்தவர் யாரென்று இருவருக்கும் தெரியாது. தெரிந்து செய்திருந்தால் அது முதலீடு!

இன்னொன்று. சிவன் தருவதாகச் சொல்வது தன் உலகத்தில் வாழ்வு. குபேரன் நிதியோடு ஏவல் செய்வதும் அங்கேதான். இளையான்குடிக் கடன் அடைந்ததாகவோ, விற்ற சொத்து திரும்பியதாகவோ ஒரு வரி இல்லை. பத்து மடங்குக் கணக்கு பேச்சாளரின் சொந்தச் சரக்கு.

அதற்காக விதைநெல்லைத் தின்னச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்லமாட்டேன். பிள்ளை குட்டி உள்ள வீட்டில் அது பாவம். இந்த நெருடல் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால், சம்பளம் வராத அந்த மாதங்களில் என் நினைவில் நின்றது குபேரன் இல்லை. இருட்டில் தடவிப் போன அந்தக் கால்கள்தான்.

அடுத்த முறை இந்தக் கதையைக் கேட்கப் போனால் கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். பேச்சாளர் வயலில் எத்தனை நிமிஷம் நிற்கிறார் என்று பாருங்கள்.