ரத்தத்தில் ஊறின ஒழுக்கம்

ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்தவர் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். கோட்டைகளையும் மாதா கோயில்களையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு நேராக ஆட்டோபானுக்கு வந்துவிடுவார். "இருநூறுல போனோம் சார், கையில வெச்சிருந்த காபி அலுங்கலை!" என்பார். அடுத்ததும் தவறாமல் வரும். "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் வராது. அவனுக்கு அது ரத்தத்துலயே ஊறினது."

காபி விஷயம் சரி. ரத்தத்தில்தான் எனக்குத் தகராறு.

முதலில் அந்த இருநூறைப் பார்த்துவிடலாம். ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து தெற்கே டார்ம்ஷ்டாட் பக்கம் ஏ5 சாலையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு லேன். வெள்ளை வட்டத்தில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு பலகை வரும். இதுவரை இருந்த கட்டுப்பாடு முடிந்தது என்று அர்த்தம். டிரைவர் ஒன்றும் பேசாமல் காலை அழுத்துவார். 140, 160, 180... இன்ஜின் சத்தத்தைக் காற்றின் சத்தம் விழுங்கிவிடும். பக்கத்து சீட்டில் இருக்கும் உங்கள் கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்கும். அந்த வேகத்திலும் பின்னால் கண்ணாடியில் ஒரு புள்ளி தெரியும். 'யாரோ வராங்க போல' என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் புள்ளி கார் ஆகிவிடும். உங்கள் டிரைவர் வலப்பக்கம் ஒதுங்க, அது விருட்டென்று காணாமல் போகும். ஒருத்தரும் ஹாரனைத் தொடவில்லை.

இந்த வேகத்தைத் தாங்கிப் பிடிப்பது இரண்டு மூன்று சலிப்பூட்டும் விதிகள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவார்கள் என்பதால் எல்லாம் நமக்கு நேர் எதிர். பொதுவாக வலது லேனில் போக வேண்டும். ஓவர்டேக் செய்ய மட்டும் இடப்பக்கம் வந்து, முடிந்ததும் மறுபடி வலப்பக்கம் போய்விட வேண்டும். சீராக ஓடும் சாலையில் வலப்பக்கமாக ஓவர்டேக் செய்வது குற்றம். இதனால் யார் எங்கிருந்து வருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேகமாகப் போவதற்குத் தேவையான தைரியம் இவ்வளவுதான்: முன்னால் போகிறவர் திடீரென்று எதுவும் செய்யமாட்டார் என்ற நம்பிக்கை.

இன்னொன்று, 'பாதி ஸ்பீடாமீட்டர்' விதி. மணிக்கு 120 கிலோமீட்டரில் போனால் முன் வண்டிக்கு 60 மீட்டர் இடைவெளி. நம் ஊரில் 60 மீட்டர் விட்டால் அதற்குள் இரண்டு மினி பஸ், ஒரு தண்ணி லாரி, ஒரு ஷேர் ஆட்டோ புகுந்து கொள்ளும். காரணம் எளிய கணக்கு. வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், நீங்கள் சுதாரிப்பதற்குள் வண்டி ஓடும் தூரம். பத்தால் வகுத்ததை அதனாலேயே பெருக்கினால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம். இரண்டையும் கூட்டுங்கள். 100-ல் 130 மீட்டர். 200-ல்? 460 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்றரை மடங்கு. இந்தக் கணக்கை அங்கே டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம்.

1970-ல் இரண்டு ஜெர்மனிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 7.8 கோடிப் பேர் இருந்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 21,000-க்கும் மேல். நம் தமிழ்நாட்டின் ஜனத்தொகையும் இன்று கிட்டத்தட்ட அதே அளவுதான். 2022-ல் இங்கே விபத்தில் இறந்தவர்கள் 17,800-க்கும் மேல். அதாவது, 1970-ன் ஜெர்மானியர்கள் நம்மைவிட மோசம். அதே 2022-ல் அங்கே இறந்தவர்கள் சுமார் 2,800 பேர். ஐம்பது வருஷத்தில் ரத்தம் மாறாது. வேறு என்னவோ மாறியிருக்கிறது.

பட்டியல் போட்டால் அலுப்பாகத்தான் இருக்கும். 1970-ல் முனிச்சில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் பறக்க ஆரம்பித்தது. 1972-ல் ஊர்களுக்கு வெளியே சாதாரணச் சாலைகளில் 100 கிலோமீட்டர் உச்ச வரம்பு வைத்தார்கள். 1973-ல் குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்கான ரத்த வரம்பை இறுக்கினார்கள். கார்களும் ஆஸ்பத்திரிகளும் மேம்பட்டன.

எனக்குப் பிடித்தது சீட் பெல்ட் கதை. 1976-ல் கட்டாயமாக்கினார்கள், அபராதம் வைக்கவில்லை. 'காரில் கட்டிப்போடுகிறார்கள்' என்று ஒரே முணுமுணுப்பு. (ஹெல்மெட் ஞாபகம் வருகிறதா?) பலர் போட்டுக்கொள்ளவே இல்லை. 1984-ல் 40 மார்க் அபராதம் என்றார்கள். பெல்ட் போடுவோர் மளமளவென்று 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். ரத்தத்தில் ஊறின ஒழுக்கத்தின் விலை 40 மார்க்!

லைசென்ஸும் சும்மா வருவதில்லை. பல வருஷமாக நடைமுறையில் இருக்கும் முறை இது: தலா ஒன்றரை மணி நேரத்தில் 14 தியரி வகுப்பு, முதலுதவிப் பயிற்சி, சாதாரணப் பயிற்சி போக தனியாக 12 சிறப்புப் பாடங்கள். அதில் நான்கு ஆட்டோபானில், மூன்று ராத்திரியில். செலவு லட்சங்களில். கொஞ்சம் குறையுங்களேன் என்ற குரல் பலத்து, 2025-ல் அரசாங்கமே யோசனைகளை முன்வைத்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஃப்ளென்ஸ்பர்க் என்ற ஊரில் உங்கள் பெயருக்கு ஒரு கணக்கு காத்திருக்கும். தப்புக்கேற்ப புள்ளிகள். எட்டு சேர்ந்தால் லைசென்ஸ் போச்சு. இங்கேயும் எட்டு உண்டு. ஆர்.டி.ஓ. முன்னால் டூ வீலரில் ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டு ஆயுசுக்கும் மறந்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் தேவர்கள் ஆகிவிடவில்லை. டிராஃபிக் ஜாமில் ஆம்புலன்ஸுக்கு நடுவில் சந்து விட வேண்டும் என்பது அங்கே சட்டம். இடது லேன் இடப்பக்கமும், மற்றவை வலப்பக்கமும் ஒதுங்க வேண்டும். ஆனால் 2017 ஜூலையில் ஏ9 சாலையில் ஒரு பஸ் தீப்பிடித்து 18 பேர் இறந்தபோது பலர் சரியாகச் சந்து விடாததால் மீட்புப் படை திணறியது. அந்த வருஷமே அபராதம் 200 யூரோவுக்கு ஏறியது. இப்போது அதோடு ஒரு மாதம் வண்டியைத் தொடவும் கூடாது. ஒழுக்கத்துக்கும் அவ்வப்போது சர்வீஸ் தேவைப்படுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுடைய கணிதம் தூங்கிவிடுகிறது. அதுதான் அந்தக் கறுப்புக் கோட்டுப் பலகை. ஆட்டோபானில் ஏறக்குறைய 70 சதவீதத் தூரத்துக்கு நிரந்தர வேக வரம்பு கிடையாது. 130 என்பது சிபாரிசு மட்டும். 1992-ல் அங்கேயுள்ள உச்ச நீதிமன்றம், 130-ஐத் தாண்டிப் போனவர் விபத்தில் தப்பே செய்யாவிட்டாலும் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருக்கும் என்றது. 'போகலாம், ஆனால் உங்கள் பொறுப்பு' என்கிற இந்த ஏற்பாடு சாமர்த்தியமாகத் தோன்றலாம். 2003-ல் அதே ஏ5-ல், கார்ல்ஸ்ரூஹே அருகே அசுர வேகத்தில் ஒருவர் பின்னால் நெருக்கியதில் மிரண்டு, ஒரு சின்னக் கார் சாலையை விட்டு விலகியது. 21 வயதுத் தாயும் இரண்டு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். நெருக்கியவருக்கு மேல்முறையீட்டில் கிடைத்தது ஒரு வருஷம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. பொறுப்பு யாருடையது? உயிர் போனது யாருக்கு?

ஒரு கோடீஸ்வரர் ஏ2 சாலையில் 417 கிலோமீட்டரில் போய் அதை வீடியோவாகவும் வெளியிட்டார். விசாரித்துவிட்டு, சட்டப்படி குற்றமில்லை என்று 2022-ல் விட்டுவிட்டார்கள். வேக வரம்பு என்று பேச்செடுத்தாலே அங்கே அரசியல்வாதிகள் பதறுவார்கள். எல்லா நாட்டுக்கும் தொடக்கூடாத பசு ஒன்று இருக்கிறது. அவர்களுடையதற்கு நாலு சக்கரம்.

நான் கவலைப்படுவது, நாம் அங்கிருந்து எதைக் கொண்டுவருகிறோம் என்பதில். அகலமான சாலை வந்தாகிவிட்டது. இருநூறைத் தொடும் கார்களும் ஷோரூமுக்கு வந்தாகிவிட்டது. அந்த 40 மார்க், அந்த 14 வகுப்பு, அந்த 60 மீட்டர்... இவை மட்டும் கப்பலேறவில்லை. 'ரத்தத்தில் இல்லை' என்று நாம் சொல்வது அடக்கத்தால் அல்ல, சோம்பலால். ரத்தத்தில் இல்லையென்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டாமல்லவா?

அடுத்த தடவை புது எக்ஸ்பிரஸ்வே திறக்கும்போது, பெங்களூருக்கு எத்தனை மணி நேரத்தில் போகலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் வேறொன்று கேளுங்கள். அதில் ஓட்டப்போகிறவருக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுத்தீர்கள்?