சாபத்தை வார்த்தது யார்?

கார்ட்டூன் படம்னாலே சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஹயாவோ மியாசாகி 1997இல் எடுத்த ‘இளவரசி மொனொனொகே’யை நானும் அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். பார்த்த ராத்திரி தூக்கம் வரல.

ஓநாய் வளர்த்த பெண்ணையும், பாசி படர்ந்த அந்தக் காட்டையும் கையால் வரைந்த அழகையும் பலர் எழுதியாச்சு. நான் பேச வந்தது ஒரே ஒரு காட்சியைப் பற்றி.

எபோஷி என்கிற பெண் ஆளும், இரும்பு உருக்கும் ஊர் அது. விபச்சார விடுதிகளிலிருந்து அவள் மீட்டுவந்த பெண்கள் அங்கே துருத்தி மிதிக்கிறார்கள். ஊருக்குள்ளேயே மற்றவர்கள் நுழையாத ஒரு தோட்டம். அதில் தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்கிறார்கள். அங்கே அஷிடாகா என்ற இளைஞனை அவள் கூட்டிப்போகிறாள். அவள் சுட்ட குண்டு பாய்ந்து வெறிபிடித்த பன்றித் தெய்வத்தைத் தொட்டதால் அவன் கையில் சாபம் ஏறியிருக்கிறது. அந்தக் கை அவளைக் கொல்லத் துடிக்கிறது.

இங்கேதான் வரைகிற கையைக் கவனிக்கணும். சாபத்தைக் காட்டும்போது படம் கூச்சல் போடுகிறது. புழுக்கள் நெளிந்து பொங்குகின்றன. நோயாளிகளிடம் வந்ததும் அதே கை அடங்கிவிடுகிறது. துணி சுற்றிய தலைகள், வேலை பார்க்கும் கைகள், அவ்வளவுதான். படுக்கையில் கிடக்கும் பெரியவர் பேசுகிறார்: எங்களை மனுசராப் பார்த்தது, அழுகின சதையைக் கழுவிக் கட்டுப் போட்டது இந்த அம்மா ஒருத்தர்தான், கொன்னுடாதே என்கிறார். கட்டை அவிழ்த்துப் புண்ணைக் காட்டி நம்மை உச்சுக்கொட்ட வைக்கவில்லை மியாசாகி.

பெருவியாதி முன்வினைப் பயன் என்றுதான் பழைய ஜப்பானும் சொன்னது. படம் அதை உடைக்கிறது. சாபம் வானத்திலிருந்து விழல. மனுசன் வார்த்த இரும்பு அது.

டோக்கியோவில் இருக்கும் டமா ஸென்ஷோஎன் தொழுநோய் இல்லத்துக்குப் போய்வந்தவர் மியாசாகி. ஜப்பானில் 1907இல் தொடங்கியது நோயாளிகளை அடைத்துவைக்கும் சட்டம். மருந்து வந்த பிறகும் 1953இல் அதைப் புதுப்பித்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கருத்தடையும் செய்தார்கள். 1996இல்தான் அது ஒழிந்தது. அதற்கு அடுத்த வருசம் வந்த படம் இது.

ஆனாலும் எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. அந்தப் பெரியவருக்கு ஒரு பேர்கூடக் கிடையாது. மீட்டவளுக்கு நன்றி சொல்லவும் அவளுக்காகக் கெஞ்சவும்தான் வாய் கொடுத்திருக்கிறது. கடைசியில் வனதெய்வம் சாக, நோயாளிகளின் புண் ஆறுகிறது. நிஜத்தில் அவர்களைப் பூட்டிவைத்தது புண்ணா? சட்டமல்லவா! 2001இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றத்தில் அரசை எதிர்த்து ஜெயித்தார்கள் நிஜ நோயாளிகள். எந்தத் தெய்வமும் செத்து அவர்களுக்கு விடுதலை வரல.

தோட்டத்துக் கதவைத் திறந்துகாட்டிய படம் இது. அதற்காகக் கொண்டாடுவோம். வெளியே வந்து தங்களுக்காகத் தாங்களே பேசியது அவர்கள். அதையும் சேர்த்தே சொல்லுவோம்.