கேட்ட கல்வியும் தேடிய கல்வியும்

முன்னோர் மிகுதியும் படித்தனர் என்றும், இக்காலத்துப் படிப்பார் அருகினர் என்றும் இரங்குவார் பலர். அவ்விரக்கம் பாதியே உண்மையாம். கண்ணாற் படிப்பார் தொகை முன் எக்காலத்தினும் பெருகியே உளது. அருகியது செவியாற் கேட்டலே. இம்மாற்றம் சித்தாந்த நூற்பயிற்சிக்கு விளைப்பது யாதென ஈண்டு ஆராயப்படும்.

பனையேட்டுச் சுவடிகள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும், எகர ஏகார வேற்றுமையும், சொற்பிரிப்பும், அடிவகுப்பும் இன்றி எழுதப்பட்டன. யாப்பறியாதான் ஒரு செய்யுளின் முடிவும் மற்றொன்றன் தொடக்கமுங் காணமாட்டான். ஆகலின் ஏட்டை வாசித்தற்கே ஆசிரியன் வேண்டப்பட்டனன். ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கொண்டானும் புலமையிற் காற்கூறே பெறுவன் என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலாற் காற்கூறும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் நன்னூலார் வகுத்தனர். தனித்திருந்து வாசித்தற்கென ஒரு கூறும் அக்கணக்கில் இன்மை கருதற்பாலது.

அச்சு இதனை மாற்றிற்று. தமிழெழுத்தில் தம்பிரான் வணக்கம் 1578-இற் கொல்லத்தில் அச்சேறியதாயினும், சைவநூல்கள் பெருக வெளிவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். ஆறுமுக நாவலர் 1852-இற் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டனர். உரைநடையிற் குறியீடுகளை முறைப்பட வழங்கினர். நாவலர் அச்சை மேற்கொண்டும் கேள்வியைக் கைவிட்டாரல்லர். பிரசங்கத்தையும் அதனோடு ஒப்பவே வளர்த்தனர். யாழ்ப்பாணத்துத் திருக்கோயில்களில் ஒருவர் புராணச் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனமும் அச்சுப் புத்தகத்தோடு கூடியே வாழ்ந்தது.

இப்போது வந்துள்ளது மூன்றாவது நிலை. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி யாவர்க்கும் விலையின்றி வழங்கும் மதுரைத் திட்டம் 1998-இற் றொடங்கிற்று. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. மடத்து வாயிலை அணுகமாட்டாதாரும், அணுக விடப்படாதாரும் இன்று திருமுறையைக் கையிலுள்ள அலைபேசியிற் காண்கின்றனர். இதனைப் பழிப்பது அறமன்று. ஏடெழுதுவோர் பிழையானும் செல்லரித்தலானும் அழிந்த நூல்களை நினைப்பார், ஏட்டுக் காலமே பொற்காலம் என்னார்.

ஆயினும் ஒரு குறையுண்டு. அச்சு நூலைப் புரட்டுவோன் முன்னும் பின்னுமுள்ள ஏடுகளையேனும் கண்டான். தேடிப் பெறுவோனோ ஒரு சொல்லை இட்டு, அச்சொல் வந்த செய்யுள் ஒன்றையே கண்டு மீள்கின்றான். சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் உலோகாயதம் முதலிய புறமதங்களின் கொள்கை முன்னர்க் கூறப்பட்டு, பின்னரே மறுக்கப்படும். தலைப்பை நோக்காது நடுவே ஒரு செய்யுளை எடுத்தான், அருணந்தி சிவாசாரியார் மறுத்தற்கு எடுத்த கூற்றையே அவர்தம் துணிபெனக் கொண்டு மேடையிற் கூறிவிடுவன். பன்னிரு சூத்திரமும் நாற்பது அடியுமே உடைய சிவஞானபோதமும் இத்தகையதே. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் தொடர்ச்சியுள் வைத்து உணரப்படுவதன்றி, ஓரடியைத் துணித்தெடுத்துப் பொருள்கொள்ளப்படுவதன்று. இப்பிழை கருவியின் பிழையன்று. கண்டதனையே கற்றதாக மயங்கும் மனத்தின் பிழையாம்.

ஆகலின் தேடுவதை விடுதல் வேண்டா. தேடியதோடு நிற்றலை விடுதல் வேண்டும். ஒரு செய்யுளை எடுத்தாள விரும்புவார், அஃது யார் கூற்று, எவ்வதிகாரத்தது, அதன் முன்னும் பின்னும் யாது என்னும் மூன்றனையும் நோக்கியே எடுத்தாளுக. திங்களுக்கு ஒரு நாளேனும் நால்வர் கூடி, ஒருவர் வாய்விட்டுப் படிக்க ஏனையோர் கேட்டு வினாவுக. அறிந்தார் தொலைவில் இருப்பின் அவர் குரலைக் கொண்டுவரவும் இக்கருவிகள் உதவும்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்கனைச் சித்தாந்தம் வைத்தது. காண்டல் எத்துணை எளிதாயினும் அந்நான்கனுள் முதற்படியாகிய கேட்டலின் இடத்தைக் கொள்ளாது. கேளாது கண்டதனைச் சிந்திக்கப் புகுவோன், அடித்தளம் இடாது மாடம் எடுப்பானை ஒப்பன்.