ஐந்தின் ஃபாக்டோரியல் ஒன்றா?

ஸ்கீம் மொழிக்குக் கம்பைலர் எழுத இறங்குகிறவர்கள் ஒரு கட்டத்தில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, சாதாரண நிரலைக் கையாலேயே கன்டினுவேஷன் பாஸிங் ஸ்டைலுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். சுருக்கமாக சிபிஎஸ். இந்த நடையில் எந்த ஃபங்ஷனும் விடையைத் திருப்பித் தராது. ‘விடை வந்ததும் என்ன செய்வது’ என்பதையும் இன்னொரு ஃபங்ஷனாக வாங்கிக்கொண்டு, விடையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த இன்னொரு ஃபங்ஷன்தான் தொடர்ச்சி. சஸ்மனும் ஸ்டீலும் எம்ஐடியில் 1975இல் ஸ்கீமை அறிமுகப்படுத்தினார்கள். 1978இல் ஸ்டீல் எழுதிய ராபிட் கம்பைலர் இந்த நடையின் மேல்தான் நின்றது.

இப்படி எழுதிய நிரலில் ஒளிவுமறைவே கிடையாது. எது முதலில், எது பிறகு, இடைவிடைக்கு என்ன பெயர் எல்லாம் எழுத்திலேயே இருக்கும். ஆகவே பிழையும் கண்ணெதிரேதான் இருக்கும். அதைப் பார்க்கப் பழகுவதில்தான் ருசி.

ஃபாக்டோரியலையே எடுத்துக்கொள்வோம். பெயர்களைத் தமிழில் வைக்கிறேன்: ‘ந’ கொடுத்த எண், ‘தொ’ தொடர்ச்சி, ‘வி’ விடை. 2007இல் வந்த ஸ்கீம் தர வரையறை தமிழ்ப் பெயர்களுக்கு இடம் தருகிறது. பூஜ்யத்துக்கு (தொ 1). மற்றவற்றுக்கு:

(ஃபாக்ட் (- ந 1) (லாம்டா (வி) (தொ (* ந வி))))

கை அசந்தால் இது இப்படி ஆகிவிடும்:

(ஃபாக்ட் (- ந 1) தொ)

அல்லது இப்படி:

(ஃபாக்ட் (- ந 1) (லாம்டா (ந) (தொ (* ந ந))))

முதலாவதில் பெருக்கலே காணாமல் போய்விட்டது. இரண்டாவதில் உள்ளே வந்த ‘ந’ வெளியே இருந்த ‘ந’வை மறைத்துவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிழைகள்; ஆனால் 5 கொடுத்தால் இரண்டுமே 120க்குப் பதில் 1 என்கின்றன. 0, 1 கொடுத்துச் சோதித்தால் இரண்டுமே சரியான விடையைச் சொல்லும்! 2 கொடுத்தால்தான் குட்டு உடையும்.

எங்கள் புதுக்கோட்டையில் லயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மான்பூண்டியா பிள்ளை, தட்சிணாமூர்த்தி பிள்ளை வழி வந்த தாளக் கணக்கில், கோர்வை நடுவே ஒரு மாத்திரை விட்டுப்போனால் அந்த இடத்தில் காதுக்குப் பிடிபடாது. எடுப்பில் வந்து விழும்போதுதான் உறுத்தும். அங்கிருந்து பின்னோக்கிச் சொல்லிப் பார்த்துத்தான் விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும்.

வழக்கமான மொழியில் பின்னோக்கிப் போக அழைப்பு அடுக்கு உதவும். இங்கே எல்லா அழைப்பும் திரும்பி வரத் தேவையில்லாத வால் அழைப்பு என்பதால் அடுக்கில் தடயம் மிஞ்சாது. சிபிஎஸ் வழியே சி மொழிக்கு மாற்றும் சிக்கன் ஸ்கீம், பிழை வந்தால் அடுக்குக்குப் பதில் அண்மை அழைப்புகளின் வரலாற்றைக் காட்டுவது அதனால்தான். கையால் எழுதியதற்கு அவ்வளவுகூட வேண்டாம்: தொடர்ச்சி ஒவ்வொன்றும் நுழைந்தவுடன் ஒரு வரி அச்சிட்டால் போதும். 5 கொடுத்தால், இறுதித் தொடர்ச்சி தவிர, உள் தொடர்ச்சி ஐந்து முறை பேச வேண்டும். முதல் பிழையில் ஒரு முறைகூடப் பேசாது. இரண்டாவதில் ஐந்து முறையும் பேசும், ஆனால் ஒவ்வொரு முறையும் 1 என்றே சொல்லும். கம்பைலர் தானாக உண்டாக்கும் வி12, தொ7 போன்ற பெயர்களோடு இந்த வேலை நரகம். கையால் எழுதும்போது ‘பெருக்கியபின்’ என்று தொடர்ச்சிக்குப் பெயர் வைக்கலாம். என்னைக் கேட்டால் பாதி டீபக்கிங் அந்தப் பெயரிலேயே முடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கால்சிசி. நடப்புத் தொடர்ச்சியையே ஒரு ஃபங்ஷனாகப் பிடித்துக் கையில் கொடுக்கும் அந்த அதிசயம், சிபிஎஸ்ஸில் ஒரே வரி (‘சா’ என்பது கால்சிசி வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்):

(லாம்டா (சா தொ) (சா (லாம்டா (வி தொ2) (தொ வி)) தொ))

‘தொ2’ வருகிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. வேறு எங்கே பயன்படாத மாறியைக் கண்டாலும் சந்தேகப்பட வேண்டும். இங்கே அது பயன்படாமல் இருப்பதுதான் உயிர். ‘திருத்துகிறேன்’ என்று (தொ2 வி) ஆக்கினால், பிடித்த தொடர்ச்சி வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும் வெறும் ஃபங்ஷனாகிவிடும். 1ஐக் கூட்டக் காத்திருக்கும் இடத்தில் கால்சிசியை வைத்து, அதற்குள் 10ஐக் கூட்டக் காத்திருக்கும்போது தொடர்ச்சிக்கு 5ஐக் கொடுங்கள். சரியான நிரல் 10ஐ உதறித் தாவி 6 என்று சொல்லும். கெட்டது 16 என்று சொல்லும். அந்த 10 இல்லாமல் சோதித்தால் இரண்டுமே 6தான்; ஆகவே தாவி வெளியேறுவதற்கு முன் ஏதாவது ஒரு வேலை பாக்கி இருக்கும்படியே சோதனையை அமைக்க வேண்டும்.