கதரும் புகழும்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அருகே, முன்னர் 'டெவில்ஸ் கிச்சன்' என அழைக்கப்பட்ட குகையொன்று உண்டு. 1991இல் வெளிவந்த 'குணா' திரைப்படம் அங்கே படமாக்கப்பட்டபின் அது 'குணா குகை' ஆயிற்று. பாறை பழையது, பெயர் புதியது. புகழின் ஆற்றல் அத்தகையது.

அப்படத்தின் நாயகர் கமல்ஹாசன், 2021இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'ஹவுஸ் ஆஃப் கதர்' என்னும் தம் ஆடை வணிகத்தைத் தொடங்கினார். முதியோர் உடையென இளைஞர் ஒதுக்கிய கதரை, காலத்துக்கேற்பத் தைத்து உலகச் சந்தைக்கு அனுப்ப முனைந்தது பாராட்டத்தக்கதே.

ஆயினும், அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பரில், மதுரையில் காந்தியடிகள் அரையாடை பூண்டார். துணி வாங்க இயலாத ஏழையோடு தம்மை ஒன்றாக்கிக்கொண்ட செயல் அது. அங்கே புகழ் கதருக்குப் பணிசெய்தது. நட்சத்திர வணிகத்திலோ கதர் புகழுக்குப் பணிசெய்யும் நிலை நேர்ந்துவிடலாம்.

கையால் நூற்று, கையால் நெய்வதே கதர். ஆனால், நட்சத்திரப் பெயர் தாங்கிய ஆடைகளில் நூற்றவர், நெய்தவர் பெயரைக் காண்பது அரிது.

பகட்டுக்காக உடுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்னார்கள். பெருநாளுக்குத் துணி எடுக்கும்போது இவ்விரண்டையும் நம் இல்லத்தார் சேர்த்தே நினைப்பார்களாக. விளம்பரத்தில் நிற்பவர் யார் என்பதைவிட, தறியில் அமர்ந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்போம். பெயர் மாறியதால் பாறைக்கு நட்டமில்லை. நெசவாளர் மறக்கப்பட்டால், அந்த நட்டம் ஒரு குடும்பத்தின் உலையில் தெரியும்.