மீசையை யார் வரைந்தது?

டிசம்பர் 11 காலையில் எட்டயபுரம் வந்தால், முண்டாசும் கறுப்புக் கோட்டும் மை தீட்டிய மீசையுமாகப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். பாரதி பிறந்த வீட்டுக்கும் மணிமண்டபத்துக்கும் வந்துகொண்டே இருப்பார்கள். பார்க்கப் பார்க்க மனம் நிறையும். கூடவே ஒரு கேள்வியும் எழும்: அந்த மீசையை வரைந்தது யார்? பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்று சொல்லித் தந்தது யார்? எல்லாமே பெரியவர்கள். பிள்ளைக்கு மிஞ்சியது மனப்பாடம்தான்.

பள்ளிக்குள் கலையைக் கொண்டுவரும் இன்றைய முயற்சிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடத் தோன்றுகிறது. 2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிய கலைத்திருவிழா சாதாரணக் காரியமல்ல. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் படியேறுகின்றன. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவின் மகள் சென்னை மேடைவரை போக ஒரு வழி திறந்திருக்கிறது. இதைச் சிறிதாக நினைக்க எனக்கு மனம் வராது.

எட்டயபுரம் பக்கத்துக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. தேவராட்டம் இராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். தேவதுந்துபியின் அடிக்கேற்பக் காலில் சலங்கையும் கையில் துணியுமாக அவர்கள் வீட்டு ஆண்கள் ஆடிவந்தது. பறைக்கும் அப்படி ஒரு சாதியோடு பிணைந்த வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் அவமானமும் கலந்திருக்கிறது. எந்தத் தெருப் பிள்ளையானாலும், பெண் பிள்ளையானாலும், பள்ளி மைதானத்தில் தேவராட்டம் ஆடலாம், பறையைத் தோளில் மாட்டலாம் என்பது ஊருக்குள் எளிதில் நடக்காத ஒன்று. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதியின் பேரால் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகளைச் சேர்ந்து ஆடவைக்க ஒரு மைதானம் இருக்கிறதென்றால், அதைக் கண்போல் காக்க வேண்டும்.

ஆனால் அந்த மைதானத்தைப் போட்டி சுருக்கிவிடுகிறது. குழு நடனத்துக்குச் சிலரைத்தான் பொறுக்க முடியும். ஏற்கெனவே நன்றாக ஆடுகிற பிள்ளையே தேர்வாகும். ஆடத் தெரியாத, வெட்கப்படுகிற பிள்ளை கைதட்டப் போகும். கலை யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் முதலில் வெளியேறுகிறார். போட்டி நெருங்கும்போது அழைத்துவரப்படும் கலைஞருக்கும் வேறு வழியில்லை. பாட்டைப் போட்டு, வரிசையைச் சரிசெய்து, ஐட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓர் அடவு எங்கிருந்து வந்தது, ஏன் அப்படி வந்தது என்று பிள்ளை கேட்க நேரமில்லை. தானாக ஓர் அடியை மாற்றிப் பார்க்கவும் இடமில்லை.

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் நம்மிடமே உண்டு. புதுச்சேரியின் வேலு சரவணன் கோமாளி வேடத்தில் பள்ளிக்குள் நுழைந்தால், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே நாடகத்துக்குள் வந்துவிடுவார்கள். அங்கே யாரும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் இன்னும் ஆழமாகப் போனது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பாடத்தோடு கூத்தும் படித்தார்கள். ஆண்களே கட்டிவந்த வேடத்தைப் பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். முன்னதில் மகிழ்ச்சி அதிகம், தங்கும் நேரம் குறைவு. பின்னதில் ஆழம் அதிகம், எட்டிய பிள்ளைகள் கொஞ்சம். அதுவும் 2020-இல் நின்றுபோனது. எல்லாப் பள்ளிக்கும் குருகுலம் கட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கலை ஆசிரியர் ஒருவரை ஆண்டு முழுக்கப் பள்ளியில் வைத்திருக்க முடியும். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய், மே மாதம் ஊதியமில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து 2024-இல் அது 12,500 ஆனது. பணி நிரந்தரம் மட்டும் அப்போதும் கோரிக்கையாகவே இருந்தது. பிள்ளையின் பெயர் தெரிந்த, அவள் போன வாரம் என்ன வரைந்தாள் என்று நினைவிருக்கிற கலைஞர் இந்தப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்தான். திருவிழாவுக்கு மேடை போடுகிற அக்கறையில் பாதியாவது இவர்மேல் விழுந்திருந்தால், வெளியிலிருந்து வரும் தேவராட்டக்காரரும் ஐட்டம் முடித்துவிட்டு ஓட வேண்டியிருக்காது. அவர் விட்டுப்போகும் அடியைப் பிள்ளைகளோடு பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்திருப்பார்.

அதனால் டிசம்பர் 11-ஐவிட டிசம்பர் 12-ஐத்தான் நான் கவனிக்க விரும்புகிறேன். மீசையைக் கழுவிவிட்டு வந்த பிள்ளைக்கு அன்று ஓவியப் பீரியட் இருந்தால், அது ஓவியத்துக்கே கிடைக்கிறதா, அரையாண்டுத் தேர்வைச் சொல்லிக் கணக்குக்குப் போய்விடுகிறதா என்று.