ஒளிப்புள்ளியின் சாட்சியம்

ரேபிஸ் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாகத்தான் மூளையை அடைகிறது என்பது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. எந்தக் கோலத்தில் அது பயணம் செய்கிறது என்பதுதான் நெடுநாள் தீராத வழக்கு. வைரஸின் பி புரதம், டைனீன் என்னும் செல்லுக்குள் இயங்கும் இழுவை மோட்டாரின் ஒரு கூறோடு ஒட்டிக்கொள்கிறது என்று 2000இல் தெரியவந்தது. வைரஸ் தன் சவ்வு உறையைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் மரபுப்பொருளை மட்டும் பி புரதத்தின் துணையோடு அனுப்புகிறது என்ற விளக்கம் அதிலிருந்து பிறந்தது.

அந்த விளக்கத்தை அசைத்தது இருநிற வைரஸ். 2008இல் ஜெர்மனியில் கான்செல்மன், ஃபிங்கே ஆகியோரின் குழு, பி புரதத்தோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்தது. உறையில் சிவப்பைப் பதித்தது. நரம்பணு போல வளரவிட்ட உயிருள்ள செல்களின் நீண்ட இழைகளில் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே நகர்ந்தன. உறை கழலவில்லை, வைரஸ் முழுசாகவே போகிறது. செல்லைக் கொன்று, சாயமேற்றிப் பார்த்திருந்தால் இந்த ஓட்டத்தைக் கண்டிருக்கவே முடியாது. 2014இல் டெல் அவிவ் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பி75 என்ற ஏற்பியோடு சேர்ந்து போகும் வைரஸ், அது இல்லாமல் போவதைவிட விரைவாக, திசை மாறாமல் செல்வதைப் படம்பிடித்தார்கள். வேகம், தயக்கம், திரும்பல் ஆகியவற்றை அளக்க இதற்கு இணையான முறை இல்லை என்பதே என் எண்ணம்.

ஆனால் ஒட்டிய அடையாளம் சும்மா இருப்பதில்லை. பி புரதத்தில் இருப்பவை 297 அமினோ அமிலங்கள். அதில் பூட்டும் ஒளிர் புரதத்திலோ ஏறத்தாழ 240. தன் அளவுக்குச் சற்றே குறைந்த சுமையை அந்தப் புரதம் தாங்குகிறது. வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுக்க உதவுவதும், செல்லின் இன்டர்ஃபெரான் தற்காப்பை அடக்குவதும் இதே பி புரதம்தான். இந்த வேலைகளில் சுமை குறுக்கிடவில்லை என்று ஒவ்வோர் ஆய்வும் தனியே நிறுவியாக வேண்டும். வைரஸ் பெருகுகிறது என்று காட்டினால் மட்டும் போதாது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. வைரஸ் துகள் ஏறத்தாழ 180 நானோமீட்டர் நீளம். வழக்கமான ஒளி நுண்ணோக்கி பிரித்தறியும் எல்லை சுமார் 200. திரையில் தெரியும் புள்ளி ஒரு துகளா, ஒட்டிய இரண்டு மூன்றா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தொற்றும் திறனற்ற துகளும் அதே ஒளியைத்தான் வீசும். செல்லுக்குள் புகுந்தவற்றுள் மிகச் சிலவே தொற்றாக முடியும்போது, பெரும்பான்மையின் பாதையைத் தொற்றின் பாதையாக எழுதிவிடும் ஆபத்து உண்டு.

இந்த ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் எஸ்ஏடி வகை, 1935இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு வெறிநாயிடமிருந்து எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பழக்கிய தடுப்பூசி வைரஸ். கையாளும் ஆபத்து குறைவு என்பதால் அந்தத் தேர்வு நியாயமானதே. ஆனால் தெருநாயின் உமிழ்நீரில் வரும் வைரஸும் அப்படியே நடந்துகொள்ளும் என்று சொல்ல அது உரிமை தராது. கிண்ணத்தில் வளர்த்த எலி நரம்பணுவுக்கும் கடிபட்ட தசைக்கும் இடையே உள்ள தூரமும் சிறியதன்று.

நோய்க்குறி தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைக்காத நோய் இது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 உயிர்களைக் கொண்டுபோகிறது. இதன் வழியை மறிக்க மருந்து தேடுவோர், ஒளிரும் வைரஸ் காட்டும் வழியை முதல் தடயமாக எடுத்துக்கொள்ளட்டும். அடையாளம் பூட்டாத தெரு வைரஸைக் கொண்டு அதே முடிவு சோதிக்கப்படும்வரை, அதை முடிந்த முடிவாக எழுத வேண்டாம்.